வெயிலை மறைக்காத செடி

“இந்தக் காலத்து ஆளுங்க செருப்பு வாங்கணும்னாக்கூட நாலு கடையில போட்டு நடந்து பார்க்கறாங்க. அறுபது வருஷம் நிக்கப்போற மரத்தை மட்டும் செல்போன்ல படம் பார்த்தே வாங்கிடறாங்க!”

பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற ஐனர் இதைத் தனக்குள் சொல்லிக்கொள்ளத்தான் நினைத்தார். வாய் சத்தமாகச் சொல்லிவிட்டது.

செர்ரிக் கன்றின் முன்னால் செல்போனும் கையுமாக நின்ற இளம் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள்.

“பெரியவரே, விஷயம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கீங்க. நர்சரி ஆளா?” என்றாள் அந்தப் பெண், மாலெனே.

ஐனர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “அம்பது வருஷமா மண்ணுல கை வெச்சவன்” என்றார். பொய்யில்லை. உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்தவர்தான்.

அவர்கள் அவருடைய பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம். இதுவரை ஒரு வணக்கம்கூட அவர் சொன்னதில்லை. அதனால் தன் முகம் அவர்களுக்குத் தெரியாது என்பது அவர் கணக்கு. இன்று மதியம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஸ்வென்போர் ரோட்டு நர்சரிக்குப் போய் நல்ல உயரமான பூமரமாப் பார்ப்போம்!” என்று அவள் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

வராமல் எப்படி? ஜனவரிப் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட மனைவி குட்ருன், நாள் முழுக்க மேற்கு ஜன்னலோரம் நாற்காலியில்தான். இருட்டுக் குளிர்காலம் போய், இப்போதுதான் மூன்று மணிக்கு மேல் அங்கே வெயில் விழுகிறது. அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே சுகம். இந்தத் தம்பதியின் தோட்டமோ அந்த மேற்குப் பக்கம். உயரமாக ஒரு மரம் வைத்தால் போச்சு. நேரே போய்க் கேட்கலாம்தான். வேண்டாம் என்று சொன்னால் வேண்டுமென்றே வைக்கிற காலம் இது.

“இந்த செர்ரியை வைக்கலாம்னு இருக்கோம்” என்றான் கணவன் ராஸ்மஸ்.

“தாராளமா வைங்க. பத்து நாள் பூ. அப்புறம் பறவைங்க வந்து, நீங்க காயப்போட்ட துணியெல்லாம் அசிங்கம் பண்ணும்.”

“மக்னோலியா?”

“மே மாசம் ஒரு நாள் திடீர்னு உறைபனி விழும். மறுநாள் பார்த்தா மரம் முழுக்க அழுகின வாழைப்பழத் தோலைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்.”

“பொன்மழை மரம்? மஞ்சளா, சரம் சரமா...”

“விதை அத்தனையும் விஷம். பிள்ளைகுட்டி வேண்டாம்னே முடிவு பண்ணிட்டீங்களா?”

“சிவப்பு மேப்பிள்?”

“வேர் நேரா சாக்கடைக் குழாய்க்குள்ள போகும். குழாய் ரிப்பேர்க்காரன் உங்க வீட்டுலயே குடியிருப்பான்.”

ராஸ்மஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினான். ரொம்ப நேரம் இருமினான்.

“அப்போ என்னதான் வைக்கறது, பெரியவரே?”

“குட்டையா வைங்க. ஊதாவுக்கு லாவெண்டர். ரோஸுக்கு ஹைட்ரேஞ்சியா. என் இடுப்புக்கு மேல வளர்ற எதையும் நம்பாதீங்க. மனுஷனையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

வந்த வேலை முடிந்தது என்று ஐனர் கிளம்பப் பார்த்தார். மாலெனே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருங்க, இருங்க! லைலாக் பூச்செடி பத்திச் சொல்லவே இல்லையே? வேலியோரம் என்ன நிறம் எடுப்பா இருக்கும்? அதுக்கு எத்தனை அடிக் குழி?”

கேள்வி மேல் கேள்வி. நடுவில் காபி வேறு வாங்கிக் கொடுத்தாள். ‘காபி கொடுக்கிறவள் சும்மா கொடுக்க மாட்டாள்’ என்று நினைத்துக்கொண்டே குடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து அவர்கள் வாங்கியது ஒரே ஒரு லாவெண்டர் தொட்டி.

“உயரமான மரமே வேண்டாம், பெரியவரே. சத்தியம்!” என்றாள் மாலெனே.

ஐனருக்கு அப்பாடா என்றிருந்தது. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதில், எதிர்க்காற்றில்கூட சைக்கிள் தானாக ஓடியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே மேற்கு ஜன்னலுக்குப் போய் நின்று பக்கத்துத் தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“குட்ருன், உன் வெயிலைக் காப்பாத்திட்டேன்! செர்ரியைக் கவுத்தேன், மக்னோலியாவைக் கவுத்தேன்...”

“தெரியும். மாலெனே இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னா. வயிறு வலிக்கச் சிரிச்சோம்.”

“அவளை உனக்கு எப்படித் தெரியும்?”

“குடிவந்த வாரமே வந்தாளே. நீங்க மீன் வாங்கப் போயிருந்தீங்க. வெயிலை மறைக்காம என்ன செடி வைக்கலாம்னு என்னைத்தான் கேட்டா. நான் சொன்னதைத்தான் வைக்கப்போறா. எல்லாம் முழங்கால் உயரம்.”

“இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“சொன்னா நம்பற ஆளா நீங்க?”

“சரி, அப்புறம் இன்னிக்கு எதுக்கு அவங்க மரம் பார்க்கப் போனாங்க?”

“நான்தான் உங்களை இழுத்துக்கிட்டுப் போகச் சொன்னேன்.”

“என்னையா? எதுக்கு?”

“பின்னே? வேவு பார்க்கறேன்னு ரெண்டு மாசமா என் வெயிலை மறைச்சுக்கிட்டு இந்த ஜன்னல்ல ஒரு மரம் நிக்குதே, அதை ரெண்டு மணி நேரமாவது வேற இடத்துல நட்டு வைக்கத்தான்!”

“முழங்கால் உயரம்னு சொல்லித்தான் எல்லாரும் வைக்கறாங்க. வளரட்டும், அப்போ தெரியும்” என்று முணுமுணுத்தபடி ஐனர் ஜன்னலை விட்டு நகர்ந்து நடந்தார்.