எர்மெலிண்டாவின் கறுப்புத் துணி

முதலைத் தாத்தாமேல் ஆணை. இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யன் ஆற்றைத் தாண்டினால் அவர் பிடித்துத் தின்றுவிடுவார். எனக்கு இரண்டு காலும் இருக்கின்றன. வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள்.

இந்தோனேசியப் பட்டாளம் திமோரைவிட்டுக் கப்பலேறிய பிறகு, ஜாவாச் சிறையில் பதினேழு வருடம் கிடந்த நான் என் மலையூருக்குத் திரும்பினேன்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நான் செத்துவிட்டதாக மூன்றாம் வருடமே ஊருக்குச் செய்தி போய், என் சட்டையைப் பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டார்கள். எங்களில் புருஷன் செத்தால் பெண்டாட்டி கையில் கறுப்புத் துணி கட்டுவாள். வருடம் திரும்பியதும் பன்றி அடித்து, பந்தி போட்டு, அதை அவிழ்ப்பார்கள். அவிழ்த்துவிட்டால் அவள் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

என் பெண்டாட்டி எர்மெலிண்டா அவிழ்த்துவிட்டாளா?

அவிழ்க்கவில்லை. எரிந்த வீட்டின் சுவரில் தகரம் சாய்த்து, அதன் கீழே மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். கையில் கட்டிய கறுப்புத் துணி அப்படியே இருந்தது.

பந்திக்கென்று வாங்கிய பன்றியும் இருந்தது. பதின்மூன்று வருடமாக நாள் தள்ளிப் போனதில் எருமை அளவுக்கு வளர்ந்திருந்தது. சாவடிச் சிப்பாய்கள் இருட்டில் அதை மேஜர் என்று நினைத்து சல்யூட் அடிப்பார்களாம். இதற்குள் மூன்று பாதிரியார்கள் மாறிவிட்டார்கள்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“யோவ், செத்தவன் இப்படியா இளைச்சுப் போவான்? புதைச்ச சட்டையே உன்னைவிட நல்லா இருந்துச்சு.”

அதற்குள் அவள் அண்ணன் கஸ்பார் கத்தியோடு வந்துவிட்டான்.

“வந்தியா மச்சான், புண்ணியமாப் போச்சு! அந்தாளு பொணத்தைக் காட்டு, அப்புறம் அவிழ்க்கிறேன்னு இவ ஒத்தக் கால்ல நின்னா. இந்தப் பன்னிக்குத் தீனி போட்டே நான் பாதியாயிட்டேன்.”

ஆக, என் துக்கம் முடிகிற பந்தியில் நானே உட்கார்ந்து தின்றேன். ஊரே தின்றும் ஒரு காது மீந்தது.

கறுப்பை அவிழ்க்க வேண்டியது செத்தவன் வீட்டு ஆண். அண்ணன் தம்பி ஒருவரும் மிச்சமில்லை. நான்தான் இருந்தேன்.

விரல்களோ சிறை விசாரணையில் நொறுங்கியவை. முடிச்சோ பதினான்கு மழைக்காலம் நனைந்து இறுகியது. நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்தேன். அசதியாக இருந்தது. அவள் தோளில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டேன். எழுந்து மறுபடி தொடங்கினேன்.

“மெதுவா அவிழு. இப்ப நான் எங்க போகணும்?” என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவிழ்ந்தது.

ஜாவாவிலிருந்து வந்து நான் இந்த டிலித் துறைமுகத்தில் இறங்கி இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. ஆற்றைத் தாண்டி எங்கள் ஊருக்குப் போகிற லாரி தினமும் காலையில் இதோ எதிரிலிருந்துதான் கிளம்புகிறது, நான் இன்னும் ஏறவில்லை.