பெனிஸ்டனின் கணிப்பு

“ஏளா, போர்வைய எடு. பெனிஸ்டன் சொல்லிட்டாரு. இந்தத் தடவ உங்க காலேஜுக்குத்தான் கப்பாம்.”

அம்மா அற்புதமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செல்போனை நீட்டினாள். ஜெமிமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“சும்மா இரும்மா. பாதி டீம் படிச்சு முடிச்சுப் போயாச்சு. நானும் இல்ல. யாரு கப்பு தருவா?”

“நீ வருவேன்னுல்லா சொல்லுதாரு. கேட்டுத்தான் பாரேன்.”

தூத்துக்குடியில் கூடைப்பந்து பார்ப்பவர்களில் பெனிஸ்டனைத் தெரியாதவர்கள் இல்லை. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகளுக்கான லீக் தொடங்கும் முன்பு, எந்த அணி எந்த இடத்துக்கு வரும் என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். கோச்சுகள்கூட அதற்குக் காத்திருப்பார்கள். பெரும்பாலும் அப்படியேதான் நடக்கும்.

ஜெமிமாவுக்கோ ஆட்டம் என்பதே முடிந்துபோன கதை. போன சீசனின் கடைசி ஆட்டத்தில் முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. விடாமல் பயிற்சி செய்தால் ஆடலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். பிசியோதெரபிக்கு இரண்டொரு தடவை போனவள், வலி தாங்காமல் நின்றுவிட்டாள். டீம் குரூப்பிலிருந்து வெளியேறினாள். தோழிகள் கூப்பிட்டால் போனை எடுப்பதும் இல்லை.

அற்புதமணி போனை அமுக்கினாள். பெனிஸ்டனின் கரகரத்த குரல் வந்தது.

“முதலிடம் இவங்களுக்குத்தான். ஏன்னா ஜெமிமா திரும்பி வரும். அந்தப் பிள்ளை ஆடுததக் கவனிச்சிருக்கீங்களா? கீழ விழுந்தா, யாரு கை குடுக்காங்கன்னு பாக்காது. பந்து எங்க போகுதுன்னுதான் பாக்கும். டீம் தோக்கும்போது மத்த பிள்ளைங்க முகம் தொங்கிரும். இது ஒவ்வொருத்திகிட்டயும் போயி முதுகுல தட்டிக் குடுக்கும். முட்டிதான கிழிஞ்சிருக்கு? அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முட்டியில மட்டுமா இருக்கு?”

ஜெமிமா மெல்லத் திரும்பினாள். தன்னை இத்தனை உன்னிப்பாக ஒருவர் பார்த்திருக்கிறாரா? சொந்த அம்மாவே ஒரு மேட்சுக்கும் வந்ததில்லை. கூப்பிட்டால், “இறால் கம்பெனியில ஷிப்டு இருக்கு. போக, அந்த விளையாட்டப் பத்தி எனக்கு என்னளா தெரியும்?” என்பாள். கூப்பிடுவதையே ஜெமிமா விட்டுவிட்டாள்.

“இன்னொரு தடவ போடும்மா,” என்றாள்.

மறுநாள் தானாகவே பிசியோதெரபிக்குக் கிளம்பினாள். வீட்டில் முட்டியை மடக்கும் பயிற்சிக்கு அற்புதமணி பாதத்தைப் பிடித்துக்கொள்வாள். வலியில் கண்ணீர் வழியும்.

“போதும்மா. என்னால முடியல.”

“ஊரே கேட்டிருக்கு. இனி நீ படுத்துக்கிட்டா அந்த மனுஷன் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பாரு? இன்னும் கொஞ்சம் மடக்கு.”

அந்த வார்த்தைக்கு ஜெமிமா பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குவாள்.

லீக் தொடங்குவதற்குள் அவள் மைதானத்துக்குத் திரும்பிவிட்டாள். தோழிகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பெனிஸ்டனின் கணிப்பைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள்போல என்று ஜெமிமாவும் விட்டுவிட்டாள்.

ஆட்டத்துக்கு ஆட்டம் வென்று இறுதிப்போட்டி வரை போனார்கள். அங்கே ஒரே ஒரு கூடையில் கப்பு கைநழுவியது. இரண்டாம் இடம்.

பரிசளிப்பு முடிந்ததும், கழுத்தில் மெடலோடு ஜெமிமா பெனிஸ்டனைத் தேடிப் போனாள். கூட ஆடும் ருஷ்தாவும் வந்தாள்.

“அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. நீங்க சொன்னதப் பொய்யாக்கிட்டேன்.”

பெனிஸ்டன் சிரித்தார். “ஆமா. நான் சொன்னது பொய்யானதுக்கு இம்புட்டு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்ல பிள்ளை.”

“முதலிடம்னு சொன்னீங்க. ஒரே ஒரு கூடையில விட்டுட்டோம்.”

ருஷ்தா அவளை விநோதமாகப் பார்த்தாள். “முதலிடமா? நம்மளக் கடைசியிலல்லா வச்சாரு. ஜெமிமா இல்லாம இந்த டீம் ஒண்ணும் தேறாதுன்னு சொன்னாரே. நீ வருத்தப்படுவன்னுதான் நாங்க யாரும் அந்தப் பேச்சையே எடுக்கல.”

பெனிஸ்டனின் சிரிப்பு நின்றது. “அப்ப, உங்கம்மா உங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?”

“என்னது சொல்லல?”

“ஊருக்கு நான் அனுப்புனது ருஷ்தா சொல்லுத மாதிரிதான் பிள்ளை. அதக் கேட்டுட்டு உங்கம்மா ஹார்பர் கேட்டுக்கே வந்துட்டாவ. ‘ஊருக்கு என்ன வேணாலும் சொல்லுங்க. எம்பிள்ளைக்கு மட்டும் தனியா ஒண்ணு பேசித் தாங்க. நான் சொன்னா, அம்மாதானன்னு தள்ளிருவா’ன்னாவ. அந்தப் பேச்சக் கேட்டது இந்த ஊர்ல நீ ஒருத்திதான்.”

ஜெமிமா கழுத்திலிருந்த மெடலைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப என் ஆட்டத்தப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் சும்மாவா அண்ணாச்சி?”

“அத்தனையும் நெசம். ஆனா அதுல ஒரு வார்த்தைகூட என்னோடது இல்ல பிள்ளை. உங்கம்மா எதிர்ல நின்னு சொல்லச் சொல்ல நான் பேசினேன். இறால் வாடையோட உள்ள வந்தா உனக்குச் சங்கடமா இருக்கும்னு, உன் மேட்சு ஒண்ணு விடாம, காம்பவுண்டுக்கு வெளியவே நின்னு பாத்திருக்காவ.”