ஒன்பது தடவை

"ஒன்பது வருஷமா ஒரு நாயைக்கூடப் பிடிக்கல. அந்த ஆளுக்கு எதுக்குப் பதவி? அந்தப் பதவிதான் எதுக்கு?"

தெல்மா கேட்டதில் தப்பே இல்லை. லைசென்ஸ் இல்லாத நாய்களின் பட்டியலை வருஷா வருஷம் ஊர்க் கான்ஸ்டபிளிடம் கொடுப்பார்கள். அவர் பிடித்துக்கொண்டு வரவேண்டும். வந்தால் ஊசிதான், கதை முடிந்தது. கான்ஸ்டபிள் ஆல்டன் வெறுங்கையோடு போவார், வெறுங்கையோடு வருவார்.

பக்கத்துப் பண்ணை நாய் தெல்மாவின் பதினோரு கோழிகளைத் தின்றிருந்தது. சும்மா இருப்பாளா?

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் மனுவோடு நின்றாள்.

"போடுங்க கையெழுத்து! குதிரைவண்டி காலத்துப் பதவி. மாவட்டப் போலீஸ்னு ஷெரீஃப் ஆபீஸ் எதுக்கு இருக்கு?"

"பாவம் தெல்மாக்கா, வயசான மனுஷன்," என்றான் மளிகைக்கடை எல்வின்.

"வயசானா வீட்ல உக்காரட்டும்!"

இதேபோலப் பல ஊர்களிலிருந்து மனு போயிருந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலச் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. பதவி ஒழிந்தது.

ஆல்டனே தெல்மா வீட்டுக்கு வந்தார்.

"ஜெயிச்சுட்டே தெல்மா. இனிமே ஷெரீஃப் ஆளுங்க வருவாங்க. பட்டியல்ல இருக்கற எல்லா நாயையும் பிடிச்சிடுவாங்க."

"பிடிக்கட்டுமே."

"எல்லாத்தையுமா?"

"காதும் போச்சா உனக்கு? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவள் காலடியில் அவளுடைய கிழட்டு நாய் டஃபி தூங்கிக்கொண்டிருந்தது. ஆல்டன் குனிந்து அதன் காதைச் சொறிந்துவிட்டுப் போனார்.

மறுவாரம் ஷெரீஃப் ஆபீஸ் வண்டி, கூண்டோடு தெல்மா வீட்டு வாசலில் நின்றது. இளம் அதிகாரி ஒருவன் இறங்கினான்.

"தம்பி, நீங்க போகவேண்டிய பண்ணை அந்தப் பக்கம்!"

"அங்க முடிச்சுட்டேன் மேடம். இது உங்க நாய்தானே? இதுவும் பட்டியல்ல இருக்கு. லைசென்ஸ் எங்கே?"

தெல்மா டஃபியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இது... படியை விட்டே இறங்காதுப்பா. இதுக்குப் போய் எதுக்கு லைசென்ஸ்? ஒன்பது வருஷமா யாருமே கேக்கலையே!"

அவன் கான்ஸ்டபிளின் பழைய பதிவேட்டைப் புரட்டினான்.

"எப்படிக் கேப்பாங்க? 'தெல்மாவின் நாய் செத்துவிட்டது'ன்னு ஆல்டன் எழுதி வெச்சிருக்கார். ஒரு தடவை இல்ல மேடம், வருஷா வருஷம்."