ஏழு மணிக்குப் படுத்துக்கொள்ளும் சர்வர்

“சர்வர் ஏன் படுக்குதுன்னு இன்னிக்கு நீ கண்டுபிடிச்சிட்டா, நாளையிலிருந்து அந்த லியாவோட நாற்காலி உனக்கு!”

போனில் முதலாளி ஃபாங் சொன்னதும் ருய்-யாங்குக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தைவானில், தைச்சுங் நகரத்தின் அந்த எடிட்டிங் ஸ்டூடியோவில் அவன் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

விஷயம் இதுதான். டிவி தொடர்களுக்கு எடுத்த காட்சிகள் மொத்தமும் ஒரே சர்வரில் இருந்தன. ஒரு இரும்புப் பெட்டியை மென்பொருளால் நாலு கம்ப்யூட்டராகப் பிரித்திருந்தார்கள். அந்த நாலில் ஒன்றுதான் காட்சிகளைச் சேர்த்து வைக்கும் கிடங்கு. பகலெல்லாம் பறக்கும். மாலை ஏழு மணி ஆனால் படுத்துவிடும். அப்புறம் ஒரு காட்சியைத் திறக்கவே கால் மணி நேரம். எட்டு எடிட்டர்களும் திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

சர்வருக்குப் பொறுப்பான லியாவ் அக்காவோ, “பார்க்கிறேன், பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்.

“மூணு மாசமா பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க. செடிதான் நல்லா வளருது!” என்றாள் எடிட்டர் பெய்-லிங்.

ருய்-யாங் ஆறு மணிக்கே வேட்டையை ஆரம்பித்துவிட்டான். முதல் சந்தேகம், சர்வர் சொன்னபடி கேட்பதற்காக அந்த ஊர் நம்பிக்கைப்படி அதன் தலையில் வைத்திருந்த நொறுக்குத்தீனிப் பொட்டலத்தின் மேல். பச்சைப் பொட்டலம் வைத்தால்தான் சர்வரில் பச்சை லைட்டு எரியும் என்பார்கள்; அந்த இடத்தில் மஞ்சள் இருந்தது.

“மஞ்சளை வச்ச புண்ணியவான் யாரு? மஞ்சள் லைட்டு எரியணும்னு வேண்டுதலா?” என்று கத்தினான்.

ஒருவர் ஓடிப்போய்ப் பச்சை வாங்கி வந்தார். ருய்-யாங் கேபிளை மாற்றினான். கேபிள் போய்ச் சேரும் சுவிட்சையும் மாற்றினான். ஆறு ஐம்பத்தெட்டுக்கு எட்டுப் பேரும் அவன் திரையைச் சுற்றி நின்றார்கள்.

“இன்னிக்குப் படுக்காது. ஜவ்வரிசி முத்து போட்ட டீ ஒண்ணு பந்தயம்!” என்றார் ஒருவர்.

“படுக்கும். ரெண்டு டீ!” என்றார் இன்னொருவர்.

ஏழு ஆனது. நொடிக்கு ஆயிரம் மெகாபைட் என்று காட்டிய எண், கண் எதிரிலேயே பத்தாகச் சுருங்கியது.

“படுத்திடுச்சு! எடு ரெண்டு டீயை!”

“இருங்க, இருங்க!” ருய்-யாங் துள்ளி எழுந்தான். “கேபிள் என்ன கடிகாரம் பார்த்தா கெட்டுப்போகும்?”

அதே பெட்டிக்குள், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு காட்சியை அனுப்பிப் பார்த்தான். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது!

“உள்ள பறக்குதுய்யா! வெளியே வர்ற வாசல்லதான் யாரோ மறிச்சு நிக்கிறாங்க!”

சர்வர் அறைக்கு ஓடினான். கிடங்கு வெளியே பேசும் வழியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். கடைசிப் பக்கத்தில் சிக்கியது. மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை வேகம் பத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டளை. போட்ட தேதி ஜூலை பதினாலு. போட்டவர் பெயர், லியாவ்.

“பிடிச்சாச்சு!” என்று கத்த வாயைத் திறந்தவன், பின்னால் லியாவ் அக்கா நிற்பதைப் பார்த்தான்.

“கத்து தம்பி. நீ கெட்டிக்காரன்தான்.”

“வேணும்னே பண்ணினீங்களாக்கா? ஏன்?”

“தேதியைப் பார்த்தே இல்ல? அதுக்கு முதல் நாள்தான் இங்க எடிட்டரா இருந்த தெங் தன் சீட்டுலயே சுருண்டு விழுந்தான். பதினேழு நாள் தொடர்ந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வேலை. பொழைச்சதே பெரிசு. இன்னும் பேச்சு சரியா வரலை.”

“நேரத்தோட கிளம்பியிருக்கலாமேக்கா?”

“இங்க யாரு முதல்ல எழுந்திருப்பா? அவன் இருக்கானேன்னு இவன் இருப்பான், இவன் இருக்கானேன்னு அவன் இருப்பான். முதலாளி ஆறு மணிக்கே டேபிள் டென்னிஸ் ஆடப் போயிடுவாரு. அங்கேருந்து போன் போட்டு ‘இன்னும் ஒரே ஒரு எபிசோட்’ம்பாரு. வீட்டுக்குப் போங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. என் கையில இருக்கிறது வேகம் ஒண்ணுதான். அதைக் குறைச்சிட்டேன்.”

வெளியே பைகளை எடுத்து மாட்டும் சத்தம் கேட்டது. “பாழாப்போன சர்வர்! சரி, என் பொண்ணு தூங்கறதுக்குள்ள வீடு போய்ச் சேரலாம்” என்று பெய்-லிங் சொல்லிக்கொண்டு போனாள்.

ருய்-யாங்கின் போன் அடித்தது. முதலாளிதான்.

“என்னாச்சு? அந்த லியாவ் பண்ணின கூத்துதானே?”

ருய்-யாங் திரையைப் பார்த்தான். கண்ணாடிக்கு அப்பால் இருந்த லியாவ் அக்காவின் நாற்காலியைப் பார்த்தான். நல்ல நாற்காலி. ஒன்பது நாளில் கிடைத்துவிடும் என்று எவனும் கனவுகூடக் காண மாட்டான். விட மனசு வரவில்லைதான்.

“அவங்க மேல தப்பு இல்லை முதலாளி. சர்வர்தான் ரொம்பக் களைச்சுப்போயிடுது. காலையிலேருந்து ஒரே ஓட்டம். சூடாகி, ஏழு மணிக்கு மேல அதால முடியலை. ஓய்வு குடுத்தா மறுநாள் பழையபடி ஓடுது. இழுத்துப் பிடிச்சு ஓட்டினோம்னா, ஒருநாள் ஒரேயடியா விழுந்திடும்.”

மறுமுனையில் முதலாளி பதறிப்போனார்.

“அடப் பாவிகளா! காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் விடாம வேலை வாங்கினா எதுதான் தாங்கும்? மனசாட்சியே கிடையாதா உங்களுக்கெல்லாம்? நாளையிலிருந்து ஆறு மணிக்கே அதுக்கு ஓய்வு குடுத்திடுங்க!”