கோழி தாண்டும் உயரம்

இறக்கி வைத்த கருங்கல்லைத் திருப்பி லொறியில் ஏற்றச் சொன்னாள் றம்லா.

மேசன் இந்திரகுமார் தலையைச் சொறிந்தார். றம்லாவின் கணவர் நுஹ்மானுக்கு ரத்தம் கொதித்தது.

போன மழைக்கு வீதித் தண்ணீர் முன்வாசலால் புகுந்து, மாத்தளைக் கடைக்கென்று கூடத்தில் அடுக்கியிருந்த மிளகு மூட்டைகளில் பாதி பூஞ்சணம் பிடித்துப் போனது. பழைய பலாமரப் படியைக் கறையான் தின்றுவிட்டது. அடுத்த மழைக்கு முன்னால் நல்ல உயரமாக ஒரு வாசற்படி வைத்தே தீருவேன் என்று மனுஷன் ஒற்றைக் காலில் நின்றார். மனைவியோ இரண்டு காலையும் ஊன்றி நின்று மறுத்தாள்.

“கருங்கல்லுக்கு என்ன கொறை?”

“கால் இடிக்கும்.”

“சரி, கொங்கிரீட்ல கட்டுவோம்.”

“அதும் இடிக்கும்.”

“தேக்குப் பலகை?”

“ஒயரம் எவ்வளவு?”

“அரை முழம்.”

“அப்ப அதும் இடிக்கும்.”

இந்திரகுமார் நடுவில் புகுந்தார். “ஒயரம் இல்லாட்டி தண்ணி உள்ள வருமேம்மா.”

“வந்தா தொடைச்சுக்குவேன் பாஸ். ஒங்களயா தொடைக்கச் சொன்னேன்?”

பாஸ் வெற்றிலை போட வெளியே போய்விட்டார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் மேசனுக்கு என்ன வேலை?

“படி தண்ணிக்கு மட்டுமில்ல, அந்தக் கோழிக்கும் சேத்துத்தான்!” என்று கத்தினார் நுஹ்மான். “காலங்காத்தால நீங்க ரெண்டு பேரும் போடுற சத்தத்துல யட்டவத்த ஊரே சிரிக்குது!”

அந்தக் கோழி, பக்கத்து வீட்டு அழகாயியின் கருங்கோழி. ஒரு கால் நொண்டி. விடிந்ததும் தத்தித் தத்தி வந்து இவர்கள் வீட்டுக் கூடத்துச் சோபா செட்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். உடனே றம்லா வேலியோரம் போய்த் தொண்டையைத் திறப்பாள்.

“ஏய் அழகாயிக்கா! என் வீடு என்ன ஒன் கோழிக்கூடா? வந்து முட்டைய எடுத்துக்கிட்டுப் போ!”

அழகாயி கொண்டையை முடிந்துகொண்டே ஓடி வருவாள். “வாயில்லா சீவன இப்படி ஏசுறியே, நீயெல்லாம் ஒரு மனுசியா?”

அதற்கு மேல் கேட்க நுஹ்மானுக்குப் பொறுமை இருக்காது. கடைக்குப் போக பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்.

கோழி வராமலிருக்க வழி செய்தால் சந்தோஷப்பட வேண்டியவள் எதற்குக் குறுக்கே நிற்கிறாள்? நுஹ்மானுக்குப் பொறி தட்டியது. ஒரு முட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு முட்டையை அமுக்கிக்கொள்கிறாளோ? யா அல்லாஹ், இவ்வளவு காலமும் தான் தின்ற ஒம்லட்டெல்லாம் ஹராமா!

மறுநாள் சுபஹு தொழுத கையோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தார்.

றம்லா ஃபிரிட்ஜிலிருந்து கடை முட்டை ஒன்றை எடுத்து வந்தாள். நல்ல பெரிய செம்முட்டை. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துச் செட்டிக்கு அடியில் வைத்தாள். சற்று நேரத்தில் கோழி வந்தது. முட்டையை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

“என்ன நடக்குது இங்க?”

றம்லா திடுக்கிட்டுப் போனாள். “சத்தம் போடாதீங்க. இது முட்டை போடுறத நிப்பாட்டி எவ்வளவோ காலமாச்சு.”

“அப்ப நீ ஏன் வைக்கிறே?”

“அழகாயிக்கா தனியாளுங்க. புருசன் போய்ச் சேந்துட்டாரு, மகன் கொழும்புல. சும்மா வா, டீ குடின்னா ரோசம், வராது. சண்டைக்குக் கூப்பிட்டா ஓடி வரும். ஏசி முடிஞ்ச பொறகு ரெண்டு ரொட்டி திங்கும், டீ குடிக்கும், பகல் வரைக்கும் கதைச்சுக்கிட்டு இருக்கும். படிய ஒசத்திட்டா இந்த நொண்டியால தாண்ட ஏலாது. கோழி வராட்டி அழகாயிக்கா எப்படி வரும்?”

இப்படிப்பட்டவளையா முட்டைக் கள்ளி என்று நினைத்தோம் என்று நுஹ்மானுக்கு வெட்கமாகிவிட்டது. கல்லை ஏற்றுவதற்கு விடியவே வந்திருந்த பாஸிடம் நேரே போனார்.

“பாஸ், ஒயரம் வேணாம். கோழி தாண்டுற அளவுக்கு ஒரு படி போதும். தண்ணி போறதுக்கு வாசலுக்கு வெளிய ஒரு கான் வெட்டி, மேல கம்பி போட்டுருவோம்.”

“இத நேத்தே சொல்லியிருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்கும் மொதலாளி” என்றார் இந்திரகுமார்.

“நுஹ்மான் நானா...” என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு தணிந்த குரல். அழகாயிதான். கொண்டையை முடிந்து சண்டைக்குத் தயாராக நின்றாள். அவள் மெதுவாகப் பேசி நுஹ்மான் கேட்டதே இல்லை.

“படி தாழ்வாத்தானே வைக்கிறீங்க?”

“ஆமா. ஏன் கேக்குறே?”

“நல்லா இருப்பீங்க. நா பயந்தே போயிட்டேன்.” றம்லா காதில் விழுகிறதா என்று அழகாயி இவர்கள் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். “எங்க கோழி முட்டைய மறந்து மாசக்கணக்காச்சு நானா. நாட்டுக்கோழி எங்கயாச்சும் இம்மாம் பெரிய செவப்பு முட்டை போடுமா? எனக்கென்ன கண்ணு தெரியாதா?”

“தெரிஞ்சுமா தெனம் வந்து சண்டை போடுறே?”

“வேற என்ன செய்ய? கோழி அது பாட்டுக்கு எங்க வீட்டுலயே சுருண்டு கெடக்கும். நாந்தான் தெனம் தூக்கி இந்த வேலிப் பொத்தலால தள்ளி விடுறேன். புள்ளைங்க ரெண்டும் கட்டாருக்குப் போனதுலருந்து றம்லாவுக்கு ஒரு வார்த்தை பேச ஆளில்ல நானா. வாய் தொறந்து கூப்பிட அதுக்கு ரோசம். நீங்க விடிஞ்சா கடைக்கு ஓடுற மனுசன், ஒங்களுக்கு எங்க தெரியப் போகுது?”