காற்று போகும் பக்கம்

"மொட்டை மாடியில வச்சா காத்தோட்டமா இருக்கும்க்கா. அந்தச் சுவத்துல வேணாம்" என்றான் பாண்டியன்.

"அந்தச் சுவத்துலதான் வைக்கணும்" என்றாள் சின்னம்மாள்.

விருத்தாசலத்தில் கல்யாண மண்டபங்களுக்கு ஐஸ் கட்டி கொடுக்கும் கடை அவளுடையது. புது ஐஸ் மெஷின் கடைக்குள் நின்றது. அதன் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரைத் தனியாக வெளிச் சுவரில் மாட்டி, செப்புக் குழாயால் இணைக்க வேண்டும். அதற்குத்தான் மெக்கானிக் பாண்டியன் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்தான். ஒரு வாரமாக விடாத மழை அன்றும் தூறிக்கொண்டிருந்தது.

அவள் கைகாட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் சிங்காரவேலின் கொட்டகை. மண்பாண்டம் செய்பவர், அவள் கணவன் பூபாலனின் அண்ணன். பாகப்பிரிவினையில் வந்த சண்டை. தம்பி செத்துக் கிடந்தபோது வாய்க்கரிசி போடக்கூட அவர் வரவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

"ஃபேனு சுத்துனா அனலெல்லாம் அவரு கொட்டாய்க்குள்ளதான் அடிக்கும். மனுசன் உக்காந்து வேலை பாக்குற எடம்க்கா."

"எவ்ளோ சூடா இருக்கும்? பொசுக்கிடுமா?"

பாண்டியனுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

"பொசுக்காது. வெதுவெதுன்னு அடிச்சிகிட்டே இருக்கும்."

"அது போதும். ராவும் பகலும் ஓடுமில்ல?"

"ஐஸ் தொட்டி ரொம்பிட்டா தானா நின்னுடும்."

"ரொம்ப வுட மாட்டேன். அப்பப்ப அள்ளிடுறேன்."

இவ்வளவு வன்மமா என்று அவனுக்கு மனசு கசந்தது. "வேணாங்க்கா. நாளைக்கு அவரு கடப்பாறையோட வந்து நின்னா மெஷினும் போயிடும், உங்க பொழப்பும் போயிடும்."

"வரட்டும். போன வாரம் அவருக்கு அரிசி குடுத்தனுப்புனேன். தெருவுல எறிஞ்சாரு. அந்த மனுசனுக்காக நீ ஏன் பேசுற? உன்னால முடியலைன்னா சொல்லு, வேற ஆளைப் பாக்குறேன்."

பாண்டியன் இரும்புத் தாங்கி அடித்து, கண்டென்சரைத் தூக்கி வைத்து, குழாயைப் பற்றவைத்து, கேஸ் ஏற்றினான். செய்கிற வேலையில் அன்றைக்கு அவனுக்குத் துளியும் சந்தோஷமில்லை.

சுவிட்சைப் போட்டதும் உள்ளே தண்ணீர் ஓடத் தொடங்கியது. சற்று நேரத்தில் வெளியே ஃபேன் சுழன்றது. காற்று சரியாக வருகிறதா என்று பார்க்க ஏணியில் ஏறினான். சிங்காரவேலின் வசவை எதிர்பார்த்தபடியே கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான்.

கொட்டகை முழுக்கக் கார்த்திகைக்குச் செய்த அகல் விளக்குகள். மழையில் ஒன்றுகூடக் காயவில்லை. காயாததைச் சூளையில் வைக்க முடியாது. சிங்காரவேல் காற்றுக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், பலகை பலகையாக விளக்குகளைத் தூக்கி வந்து காற்றுக்கு முன்னால் அடுக்கத் தொடங்கினார்.

பாண்டியன் இறங்கி வந்தான். "அக்கா... அந்த வெளக்கெல்லாம்..."

"சத்தம் போடாத, அவரு காதுல வுழப் போவுது" என்றாள் சின்னம்மாள், ஐஸ் அள்ளக் கூடையை எடுத்தபடி. "அரிசியைத் தெருவுல எறிஞ்சாரு. காத்தை எப்படி எறிவாரு?"