இடப்பக்க லீவர்

"லீவர் இடப்பக்கம்தான் வேணும்" என்று இரத்தினசிங்கம் ஒரே பிடியாக நின்றார்.

துவக்குக் கடைக்காரன் வெள்ளைக்காரப் பெடியன். நல்ல பொறுமைசாலி. "நீங்கள் வலக்கைக்காரர். குண்டேற்றுகிற லீவர் வலப்பக்கம் இருந்தால் துவக்கைத் தோளிலிருந்து இறக்காமலே இழுக்கலாம். இடப்பக்கம் வைத்தால் தாங்கிப் பிடிக்கிற கையை விடவேணும். அதற்குள் முயல் ஓடிவிடும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தான்.

சொன்னால் கேட்கிற மனுசனா அவர்?

"ஓடினால் ஓடட்டும். மாத்திப் பூட்டு."

நகரத்துக்கு வெளியே கெம்ப்ஸ் கிறீக்கில் அவருக்கு மரக்கறித் தோட்டம். பீட்ரூட் இலை விட்ட கையோடேயே முயல் வந்து மேய்ந்துவிடுகிறது. அதற்குத்தான் பழையதுக்குப் பதிலாக இந்தக் கட்டையான காற்றுத் துவக்கு. லைசென்ஸ், பொலிஸ் அனுமதி எல்லாம் ஒழுங்காக எடுத்தவர். அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது.

தோட்டத்தில் வேலை செய்கிற சிவசோதியையும் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாரே, அதுதான் குறை.

சிவசோதிக்குத் துவக்கென்றாலே பயம். ஊரில் ஒருநாள் காவல் நிற்கிற சென்றிப் பொயின்றில் அவனை முழங்காலில் இருத்தி, பிடரிக்குப் பின்னால் துவக்கை லோட் பண்ணினார்கள். யார், எவ்வளவு கிட்ட, ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது. படகேறி இவ்வளவு தூரம் வந்தும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

கடைக்காரன் லீவரை இழுத்து ஏதோ விளக்கத் தொடங்கினான். டக்!

சிவசோதி வாசலடிக்கே ஓடிவிட்டான்.

விளக்கமெல்லாம் முடிந்தபிறகு இரத்தினசிங்கம் கூப்பிட்டார். "எங்கையடா ஓடுறாய்? இஞ்சை வந்து எனக்கு இடப்பக்கம் நில். லீவர் தெரியுதோ?"

"ஓம் அண்ணை."

"நல்லாத் தெரியுதோ?"

ஒரு துவக்குக்கு இவ்வளவு பெருமையா என்று சிவசோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வரும்போது, வண்டிக்குள் மெல்லக் கேட்டான். "அண்ணை, நீங்கள் முயலைச் சுடுங்கோ. நான் கரவனுக்குள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறனே."

"அந்தக் கதையே வேண்டாம். துவக்கு வெளியிலை வந்தா நீ என்ரை இடப்பக்கம் நிக்கோணும்."

"பழைய துவக்கோடையும் இப்பிடித்தானே கூட்டிக்கொண்டு திரிஞ்சனீங்கள். உங்கடை மற்றப் பக்கத்திலை டக் எண்டு கேக்கேக்கை எனக்கு உயிர் போய் வரும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமோ அண்ணை?"

"ஏலாட்டி வேறை வேலை பார்."

வேலை போனால் சிவசோதி தோட்டத்து மூலையில் குடியிருக்கிற கரவன் வண்டியும் போகும். தற்காலிக விசாக்காரனுக்கு ஆர் உடனே வேலை குடுக்கப்போகினம்?

வீட்டுக்கு வந்ததும் இரத்தினசிங்கத்தை மனுசி யோகராணி பிடித்துக்கொண்டாள். "துவக்கைக் கண்டாலே அந்தப் பிள்ளை நடுங்குது. உங்களுக்கு ஈவிரக்கம் எண்டதே கிடையாதோ?"

"நீ தேத்தண்ணியைப் போடு."

"தம்பி, இந்த மனுசனுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையடா" என்று சிவசோதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

பொழுது சாயும் நேரம் இரண்டு பேரும் தோட்டத்தில் இறங்கினார்கள். சிவசோதி முருகா, முருகா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு இடப்பக்கமாக நடந்தான். பார்வை முழுக்க நிலத்தில்தான்.

இரத்தினசிங்கம் நின்றார். "பீட்ரூட்டுக்கை ஒண்டு நிக்குது. அசையாதை."

சிவசோதி கண்ணை இறுக்கி மூடினான்.

டக்!

வெடிக்கவில்லை. சலசலவென்று இலைகள் மட்டும் ஆடின.

"சீ! ஓடிட்டுது."

மறுபடியும் டக்!

அவ்வளவுதான். இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு சிவசோதி அந்த ஈரமண்ணிலேயே குந்திவிட்டான்.

"நான் போறன் அண்ணை. வேலையும் வேண்டாம், கரவனும் வேண்டாம். ரோட்டிலை படுத்தாலும் பரவாயில்லை. என்னை விடுங்கோ!"

இரத்தினசிங்கம் திட்டவில்லை. குழாயை வெற்று வரம்புப் பக்கம் திருப்பிப் பிடித்தபடி அவனுக்குப் பக்கத்திலேயே குந்தினார்.

"கண்ணைத் திற."

"மாட்டன்."

"என்ரை முகத்தைப் பாக்க வேண்டாம். லீவரைப் பார். வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்குதோ?"

சிவசோதி ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "ஓம்."

"டக் எண்டது இதை இழுக்கிற சத்தம்தான். அது இப்பிடி நிக்கேக்கை விசையை எவ்வளவு அமத்தினாலும் வெடிக்காது. கடைக்காரன் அதைத்தான் காட்டினவன். நீதான் ஓடிப்போட்டாய்."

"அப்ப என்னை ஏன் அண்ணை கரவனுக்குள்ளை இருக்க விடேல்லை?"

"மெல்லிய தகரமடா அது. என்ரை குறி தப்பினா குண்டு எங்கை போகுமெண்டு ஆருக்குத் தெரியும்? எனக்குப் பக்கத்திலை நிண்டா உன்னிலை படாது."

சிவசோதி பிடரியிலிருந்து கையை எடுத்தான். மற்றக் கண்ணும் திறந்தது.

"ஆனா கடைக்காரன் சொன்னது சரிதானே அண்ணை? லீவர் வலப்பக்கம் இருந்திருந்தா இப்ப முயல் விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கும்தான்." இரத்தினசிங்கம் முழங்காலில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "துவக்கு எப்ப வெடிக்கும், எப்ப வெடிக்காதெண்டு எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? பயப்பிடுறவன் நிக்கிற பக்கமெல்லோ அது தெரியோணும்?"